விடிய விடியப் பாரதம்: தெருக்கூத்து முதல் யூடியூப் வரை

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது போர்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியும் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனும் மோதிய களம் இது என்பர். மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. பல்லவன் காஞ்சியின் மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்று புலிகேசியின் அய்கொளெ கல்வெட்டு கூறுகிறது. பின்னர் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஐதர் அலியின் படையும் திப்பு சுல்தானின் படையும் சேர்ந்து ஆங்கிலேயத் தளபதி பெய்லியை இங்கேதான் தோற்கடித்தன. அந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவர் முழுக்கப் படமாகத் தீட்டச் செய்தார். போரைப் பார்க்காதவர்களுக்கும் அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசை அன்றே இருந்திருக்கிறது.

இந்தப் போர்கள் எல்லாம் ஒருமுறை நடந்து முடிந்தவை. ஆனால் காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராமங்களில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நடக்கும் போர் ஒன்று உண்டு. அது பாரதப் போர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கர்ணன் ஆண்டுதோறும் விழுகிறான், துரியோதனன் ஆண்டுதோறும் தொடை முறிந்து சாய்கிறான்.

இதே பாரதத்தை இதே போல் விடிய விடிய நடத்தும் இன்னொரு நாடு இந்தோனேசியா. இரண்டு இடங்களிலும் சினிமா வந்தது, தொலைக்காட்சி வந்தது, கடைசியாக யூடியூப் வந்தது. இத்தனை திரைகளுக்கு நடுவே அந்த நீண்ட இரவு எப்படித் தாக்குப் பிடித்தது, இனியும் தாக்குப் பிடிக்குமா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாரதத்துக்கு ஒரு பங்கு

பாரதம் கேட்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய பழக்கம் அல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள கூரம் என்ற ஊரில் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் செப்பேடு கிடைத்துள்ளது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இச்செப்பேட்டில் கோயிலுக்கு அளித்த கொடை பல பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் ஒரு பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு என்றே ஒதுக்கப்பட்டது.

இந்தச் செய்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பாரதம் சொல்பவருக்கும் வயிறு உண்டு, அவருக்கு ஊரும் அரசும் சோறு போட வேண்டும் என்பதை 1300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னர்கள் போன பின் அந்தப் பொறுப்பு ஊரின் தலையில் விழுந்தது. இன்றும் கிராமங்களில் தலைக்கட்டு வரி வசூலித்துத்தான் திருவிழா நடத்துகிறார்கள். கூத்துக் குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுப்பதும் அந்தப் பணத்தில்தான்.

கூத்தின் இரவு

பாரத விழா பல நாள் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி விளக்கம் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக வரும். இரவு 10 மணியளவில் மத்தளம் முழங்கத் தொடங்கும். முகவீணையின் கூர்மையான ஓசை அடுத்த ஊர் வரை கேட்கும். ஆர்மோனியமும் தாளமும் சேர்ந்துகொள்ளும். நடிகர்கள் அரிதாரம் பூசி, மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் தோள்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்து வருவார்கள். கட்டைக்கூத்து என்ற பெயர் இந்தக் கட்டைகளால் வந்ததுதான்.

முக்கிய வேடங்கள் நேராக மேடைக்கு வருவதில்லை. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார். பிறகுதான் திரை விலகும். சினிமாவுக்குத் தமிழில் திரைப்படம் என்று பெயர் வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே திரை என்ற சொல் கூத்தில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்பவன் கட்டியக்காரன். வியாசர் பாரதத்திலும் வில்லிபாரதத்திலும் இப்படி ஒருவன் இல்லை. துரியோதனன் அவையில் காவலனாக நிற்பான். அடுத்த நிமிடம் உள்ளூர்க் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசுவான். அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் சொல்வான். தூங்குகிறவர்களைச் சிரிக்க வைத்து எழுப்புவதும் அவன் வேலைதான்.

ஜாவாவின் இரவு

இந்தோனேசியா இன்று உலகிலேயே அதிக முஸ்லிம் மக்கள் வாழும் நாடு. ஆனாலும் அதன் ஜாவாத் தீவில் பாரதக் கதை வேரூன்றி ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. விராட பருவம் கி.பி. 996லேயே பழைய ஜாவா மொழியில் எழுதப்பட்டது. 1157இல் பாரதயுத்தம் என்ற காவியம் இயற்றப்பட்டது.

அங்கே இக்கதை வயாங் குலித் என்னும் தோல்பாவை நிழற்கூத்தாக நடக்கிறது. இரவு 9 மணி சுமாருக்குத் தொடங்கி விடியும் வரை நீளும். டாலாங் என்று அழைக்கப்படும் ஒரே கலைஞர் வெள்ளைத் திரையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, எல்லாப் பாவைகளையும் தாமே ஆட்டி, எல்லாருக்கும் தாமே குரல் கொடுப்பார். பின்னால் காமெலான் என்னும் வெண்கல இசைக்குழு வாசிக்கும்.

அங்கும் ஒரு கட்டியக்காரன் உண்டு, அதுவும் நால்வர். செமார், காரெங், பெத்ருக், பாகோங் என்னும் அந்த விதூஷகர்கள் மூலக்கதையில் இல்லாதவர்கள். நள்ளிரவை ஒட்டி அவர்கள் வந்து ஊர்க்கதை பேசி, அரசியலைக் கிண்டல் செய்து, கூட்டத்தின் தூக்கத்தைக் கலைப்பார்கள். கடல் கடந்த இரண்டு ஊர்கள், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதாமலேயே, ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. எட்டு மணி நேரம் மக்களை உட்கார வைக்க வேண்டுமானால் காவியம் மட்டும் போதாது, சிரிப்பும் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னோர் உறவும் ஏற்பட்டது. பம்பாயின் பார்சி நாடகக் கம்பெனிகள் தமிழ்நாட்டுக்கும் வந்தன, பினாங்குக்கும் போயின. வண்ணத் திரைச்சீலை, ஆர்மோனியம், நுழைவுச் சீட்டு என்ற அவர்களது முறை தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடை நாடகத்தில் கலந்தது. மலாய் நாட்டில் அது பங்சாவான் நாடகமாகவும், 1891இல் ஜாவாவின் சுரபாயாவில் தொடங்கிய கொமேடி ஸ்தம்பூல் நாடகமாகவும் மாறியது. சீட்டு வாங்கிப் பார்க்கும் பொழுதுபோக்கு இரு நாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வந்தது எனலாம்.

ஒவ்வொரு திரையும் எடுத்துக்கொண்டது

முதலில் வந்த சினிமா, கூத்தின் கதையை எடுத்துக்கொண்டது. 1910களின் இறுதியில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம்தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அது விராட பருவத்துக் கதை. கூத்தில் விடிய விடிய நடப்பதை மௌனப் படம் சிறிது நேரத்தில் காட்டி முடித்துவிட்டது. பிறகு டூரிங் டாக்கீஸ் கொட்டகைகள் கிராமத்தின் ஓரத்துக்கே வந்தன.

அடுத்து ஒலிபெருக்கியும் ஒலிநாடாவும் வந்தன. திருவிளையாடல் படத்தின் கதை வசனம் தமிழ்நாட்டின் கோயில் விழாக்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஒலித்தது. ஜாவாவில் 1970களில் கி நார்த்தோசப்தோ போன்ற புகழ்பெற்ற டாலாங்குகளின் முழு இரவு நிகழ்ச்சி எட்டு கேசட் கொண்ட தொகுப்புகளாக விற்பனைக்கு வந்தது. பெரிய கலைஞரின் கேசட்டை வீட்டிலேயே கேட்டவர்கள், உள்ளூர்க் கலைஞரை அவரோடு ஒப்பிடத் தொடங்கினார்கள்.

தொலைக்காட்சி ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. 1988 முதல் 1990 வரை பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் ஞாயிறு காலைகளில் வந்தபோது, இந்தி தெரியாத வீடுகளிலும் அதைப் பார்த்தார்கள். கதை ஏற்கனவே தெரியும் என்பதால் மொழி தடையாக இல்லை. அந்தக் கதையைத் தெரியவைத்ததில் கூத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் கூத்துக்கு மிகப் பெரிய அடி கொடுத்தது சினிமாவும் அல்ல, தூர்தர்ஷனும் அல்ல. 1980களில் வாடகைக்கு வந்த வீடியோ டெக்தான். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு டெக், மூன்று படம். திருவிழா நாளில் கோயில் திடலில் வைத்தால் விடியும் வரை ஓடும். அதற்கு முகவீணைக்காரரும் வேண்டாம், அரிதாரமும் வேண்டாம், பதினைந்து பேருக்குச் சாப்பாடும் வேண்டாம். மற்றத் திரைகள் கதையையும் பகலையும் எடுத்தன, டெக் கூத்தின் இரவையே எடுத்துக்கொண்டது. வரி வசூலிக்கும் விழாக்குழு கணக்குப் பார்த்தபோது, டெக் வாடகை கூத்துக் கூலியைவிடக் குறைவாக இருந்தது. பின்னர் பாட்டுக் கச்சேரியும் சேர்ந்துகொண்டது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பின் திரை ஒவ்வொரு குடிசைக்குள்ளும் வந்துவிட்டது.

படுகளம் காப்பாற்றியது

இவ்வளவுக்கும் பிறகு கூத்து ஏன் அழியவில்லை? அதற்கு விடை பதினெட்டாம் போர் முடிந்த காலையில் இருக்கிறது.

அன்று ஊர்த் திடலில் துரியோதனனின் பெரிய மண் உருவம் படுத்திருக்கும். இரவெல்லாம் ஆடிய அதே வேடத்தோடு பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதியின் சபதம் முடிந்து கூந்தல் முடிக்கப்படும். அன்று மாலை தீமிதி நடக்கும். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரத்தில் ஏறிப் பாட ஆள் வேண்டும். இவை எதையும் டெக் செய்யாது. தொலைக்காட்சிப் பெட்டி படுகளத்தில் ஓடாது. கூத்துக்காரர் வராவிட்டால் திருவிழாவே முடியாது.

ஆகவே சடங்கோடு கட்டப்பட்ட இடத்தில் கூத்து நின்றது. வெறும் பொழுதுபோக்காக நடந்த இடத்தில் அது டெக்குக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் இடம்விட்டது. ஜாவாவிலும் இதே நிலைதான். ஊர்ச் சுத்திச் சடங்குக்கும், தோஷம் நீக்கும் ரூவாதான் சடங்குக்கும் வயாங் வேண்டும் என்பதால் டாலாங்குகளுக்குத் தொடர்ந்து அழைப்பு இருந்தது.

சடங்கு தாங்கியதோடு கலைஞர்களும் சும்மா இருக்கவில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் கூத்தைக் கிராமத்திலிருந்து நகர மேடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டு சென்றார். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பெ. ராஜகோபால், நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயின் ஆகியோர் முன்னின்று 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைக் கலைஞர்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். தெரு என்ற சொல் கலையைத் தாழ்வாகக் காட்டுகிறது என்று கருதி, கட்டைக்கூத்து என்ற பெயரையே அச்சங்கம் வலியுறுத்தியது. 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ஒரு குருகுலமும் தொடங்கப்பட்டது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்த அக்குருகுலத்தில், ஆண்களே ஆடிவந்த கலையைப் பெண் பிள்ளைகளும் கற்றார்கள். அது 2020இல் மூடப்பட்டது.

யூடியூப் வந்த பிறகு

2005இல் தொடங்கிய யூடியூப், பழைய திரைகளிலிருந்து ஒரு வகையில் மாறுபட்டது. இதில் பார்ப்பவரே காட்டுபவராகவும் ஆகலாம். இதற்குச் சிறந்த சான்று இந்தோனேசியாவிலேயே உண்டு. 2011 ஏப்ரலில் கொரொந்தாலோவைச் சேர்ந்த நோர்மன் கமரு என்ற போலீஸ்காரர், சீருடையில் உட்கார்ந்தபடி ஓர் இந்திப் பாட்டுக்கு வாயசைத்து ஆடிய காணொளி நாடு முழுவதும் பரவியது. மேலதிகாரிகள் முதலில் கண்டித்தார்கள். மக்கள் ஆதரவைக் கண்டு பின்பு தளர்ந்தார்கள். அவர் சில நாளில் தொலைக்காட்சி நட்சத்திரமாகிவிட்டார்.

அந்தப் பாட்டு ஏ.ஆர். ரகுமான் இசையில் 1998இல் வந்த தில் சே படத்தின் 'சய்யா சய்யா'. தமிழில் உயிரே படத்தில் 'தையா தையா' என்று வந்தது. நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் எடுக்கப்பட்ட பாட்டு அது. தமிழ்நாட்டு ரயிலில் பிறந்த ஆட்டம், கடல் கடந்த ஒரு காவல்காரர் வழியாக அந்நாட்டின் முதல் பெரிய இணையப் பரபரப்புகளில் ஒன்றாக ஆனது. அங்கே இந்திய இசைக்கு ஏற்கனவே காது பழகியிருந்தது. ரோமா இராமா புகழ்பெறச் செய்த டாங்டுட் இசையிலேயே இந்திப் பாட்டின் தாளம் கலந்திருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்து, 2013இல் ஸ்டார் பிளஸ் தொடங்கிய புதிய மகாபாரதத் தொடர் இந்தோனேசியத் தொலைக்காட்சியில் 2014இல் வந்து பெரும் வெற்றி பெற்றது. அர்ச்சுனனாக நடித்த ஷாகீர் ஷேக் அங்கே பெரிய நட்சத்திரமானார். அதே தொடர் தமிழில் விஜய் டிவியில் வந்தது. ஜாவாவிலும் தொண்டைமண்டலத்திலும் பாரதத்தை விடிய விடியப் பார்த்துப் பழகியவர்களின் பேரப்பிள்ளைகள், ஒரே தொடரை வெவ்வேறு மொழியில் அரை மணி நேரத் துண்டுகளாகப் பார்த்தார்கள்.

2016இல் ஜியோ வந்து கைப்பேசி இணையம் மலிவான பிறகு கூத்தும் யூடியூபுக்கு வந்தது. கர்ண மோட்சம், திரௌபதி துகிலுரிதல், அபிமன்யு வதம் என முழு இரவுக் காணொளிகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. வேலைக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் தங்கள் ஊர்த் திருவிழாவை அறையில் இருந்தே பார்க்கிறார்கள். ஒரு வாத்தியாரின் பாட்டை இளம் கலைஞர் பலமுறை போட்டுக் கேட்டுப் பழகவும் முடிகிறது. இது பெரிய நன்மை.

ஆனால் காசு? யூடியூப் தரும் விளம்பர வருவாய் காணொளியை ஏற்றியவரின் கணக்குக்குத்தான் போகும், ஆடியவருக்குத் தானாக வராது. வருவாய் பெற 1000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் அந்நிறுவனம் விதி வைத்தது. எட்டு மணி நேரக் கூத்தை 500 பேர் முழுவதும் பார்த்தாலே 4000 மணி நேரம் ஆகிவிடும். கூத்தின் நீளமே அதற்குச் சாதகம் என்று தோன்றும். ஆனால் கைப்பேசியில் எட்டு மணி நேரமும் பார்ப்பவர் அரிது. கட்டியக்காரனின் நகைச்சுவையை மட்டும் வெட்டி எடுத்த சில நிமிடத் துண்டுகளைத்தான் பலர் பார்க்கிறார்கள். கர்ணனின் மரணத்தைத் தாங்குவதற்காக வைத்த சிரிப்பு, கர்ணன் இல்லாமல் தனியே ஓடுகிறது.

2020: இரவு நின்றபோது

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. பாரத விழாக்கள் நடக்கும் பருவம் அதுதான். மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடி வரை ஆடிச் சம்பாதிப்பதை வைத்துத்தான் பல கலைஞர்கள் ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துகிறார்கள். டெக்கால் முடியாததை ஊரடங்கு செய்தது. படுகளமே நின்றது. சடங்கு என்ற கேடயம் முதல்முறையாகப் பயன்படவில்லை.

ஜாவாவிலும் அப்படியே ஆனது. யோக்யகர்த்தாவைச் சேர்ந்த கி சேனோ நுக்ரோஹோ என்ற டாலாங் அப்போது ஒரு வழி கண்டார். பாகோங் வேடத்தின் நகைச்சுவையால் யூடியூபில் ஏற்கனவே பெரும் ரசிகர் கூட்டம் பெற்றிருந்த அவர், தம் வீட்டிலேயே சிறு குழுவை வைத்து எளிய முறையில் வயாங் நடத்தி நேரலையாக ஒளிபரப்பினார். பார்த்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அது இசைக்கலைஞர்களின் கூலிக்கு உதவியது. அந்த ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் அவர் 48 வயதில் திடீரென இறந்தார். அவருடைய பதிவுகள் இன்றும் பார்க்கப்படுகின்றன.

அவர் வெற்றிக்குக் கருவி யூடியூப் என்றாலும் காரணம் அது மட்டும் அல்ல. ரசிகர்கள் அமைப்பாகச் சேர்ந்து, ஊர் கொடுத்ததைப் போலவே கொடுத்தார்கள். தலைக்கட்டு வரி கடல் கடந்து இணையத்தில் வேறு வடிவம் எடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

முடிவுரை

கூத்தின் வரலாற்றைத் திரைகளின் வரலாறாகவே பலரும் சொல்கிறார்கள். சினிமா வந்தது, கூத்து போனது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் கூரம் செப்பேட்டிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கதை அழியும் என்ற அச்சம் என்றுமே தேவைப்படவில்லை. பாரதம் ஓலையிலும் இருந்தது, கேசட்டிலும் இருந்தது, கைப்பேசியிலும் இருக்கிறது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அந்த இரவுக்கு யார் கூலி கொடுப்பது? பல்லவர் காலத்தில் கொடைநிலத்தின் ஒரு பங்கு கொடுத்தது. பிறகு ஊர் வரி கொடுத்தது. டெக் வந்தபோது சில ஊர்கள் கொடுப்பதை நிறுத்தின, அங்கே கூத்து நின்றது.

யூடியூபில் கூத்தைப் பார்ப்பது தவறல்ல, பார்ப்பதால் கலை தெரியவருகிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, ஊரில் வரி கேட்டு வரும்போது "அதுதான் போனிலேயே வருகிறதே" என்று ஒருவர் சொன்னால், அடுத்த ஆண்டு பதிவு செய்ய அங்கே கூத்து இருக்காது. ஏனெனில் அந்தக் காணொளி ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஊர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததால், யாரோ பதினைந்து பேர் இரவெல்லாம் கண்விழித்து ஆடியதால் கிடைத்தது.

புள்ளலூரில் மன்னர்கள் நடத்திய போருக்கு நினைவுத் தூண்கள் போதும். ஆண்டுதோறும் நடக்கும் பாரதப் போருக்கு ஆள் வேண்டும். அடுத்த விழாவில் தலைக்கட்டு வரிச் சீட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.